விட்டு வைப்பதில் கெட்டி: காண்டிடா ருகோசா லிப்பேஸ் பொடி

எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கும் நொதி என்றுதான் இந்தப் பொடியை விற்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் வெறுமனே எண்ணெயை உடைக்க இவ்வளவு செலவு தேவையில்லை. காஸ்டிக் சோடாவும் கொஞ்சம் அமிலமும் போதும். காண்டிடா ருகோசா என்ற ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் இந்த லிப்பேஸின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. சில கொழுப்பு அமிலங்களை இது வேகமாக வெட்டி விடுவிக்கும், சிலவற்றைத் தொடத் தயங்கும். தொடத் தயங்குகிற அமிலம்தான் உங்களுக்கு வேண்டியது என்றால், இதைவிட நல்ல கருவி சிறு ஆய்வகத்துக்குக் கிடைப்பது அரிது. வேண்டாதவை கழன்று போகும், வேண்டியது கிளிசரைடோடு, அதாவது கிளிசராலில் கொழுப்பு அமிலங்கள் கோத்திருக்கும் எண்ணெய் மூலக்கூறோடு, ஒட்டியபடி மிஞ்சும். செறிவூட்டல் என்பது இங்கே இவ்வளவுதான்.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. கொழுப்பு அமிலச் சங்கிலியில் அமில முனையிலிருந்து எண்ணும்போது ஆறாவது கார்பனில் இரட்டைப் பிணைப்பு இருந்தால், அந்த இடத்தில் சங்கிலி வளைகிறது. இந்த லிப்பேஸின் வேலை செய்யும் குழி குறுகலான நீண்ட சுரங்கம். முனைக்கு இவ்வளவு அருகில் வளைந்த சங்கிலி அதற்குள் சரியாக இறங்குவதில்லை. ஒலியிக் அமிலத்துக்கு இரட்டைப் பிணைப்பு ஒன்பதாம் இடத்தில், அதனால் அது எளிதாகப் போகிறது. லினோலியிக், பால்மிடிக் அமிலங்களும் அப்படியே. காமா லினோலெனிக், பெட்ரோசெலினிக் ஆகிய இரண்டுக்கும் ஆறாம் இடத்தில் பிணைப்பு. அவை பின்தங்குகின்றன.

பெட்ரோசெலினிக் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் புதிதல்ல. செட்டிநாட்டு மசாலாவில் மிளகாய்க்கு அடுத்தபடி அள்ளிப் போடும் கொத்தமல்லி விதையின் நிலைத்த (ஆவியாகாத) எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். மொத்தக் கொழுப்பு அமிலத்தில் 60 முதல் 75 சதவீதம் வரை. ஒலியிக் அமிலத்தின் அதே 18 கார்பன், அதே ஒற்றை இரட்டைப் பிணைப்பு, இடம் மட்டும் வேறு. ஓசோனால் அந்தப் பிணைப்பில் வெட்டினால் ஒரு பக்கம் லாரிக் அமிலம், மறுபக்கம் அடிபிக் அமிலம். அடிபிக் நைலான் 66-க்கு மூலப்பொருள், லாரிக் சோப்புக்கும் நுரைப்பொருளுக்கும் மூலப்பொருள். சாம்பாருக்கு வறுக்கிற விதைக்குள் இப்படி ஒரு வேதியியல் இருப்பதை நம் காரைக்குடிக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு. ஆகவே இந்த மதிப்புரையில் அளவுகோல் கொத்தமல்லி எண்ணெய்தான்.

விதை 100 கிராமில் கொழுப்பு 17 கிராம் போலத்தான் இருக்கும். மரச்செக்கில் போட்டால் அதிலும் பாதி பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஹெக்சேன் கொண்டு சாக்ஸ்லெட்டில் வடிப்பதே உருப்படியான வழி. முதலில் விதையை நீராவியில் வடித்து வாசனை எண்ணெயை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள லினலூல் கலந்தே இருந்தால் பின்னால் எடை, அமில எண் (விடுபட்ட அமிலத்தைக் காட்டும் எண்) எல்லாம் தடுமாறும். வறுத்த விதை, பழைய தூள் இரண்டும் வேண்டாம். பெராக்சைடு ஏறிய எண்ணெய் நொதியையே கெடுக்கும்.

இனி பொடிக்கு வருவோம். வெளிறிய பழுப்பு நிறம், ஈஸ்ட் வாசனை, தண்ணீரில் போட்டால் சற்றுக் கலங்கலாகக் கரையும். பாட்டிலில் இருப்பது முழுக்க நொதி அல்ல; லாக்டோஸோ டெக்ஸ்ட்ரினோ நிரப்பியாகச் சேர்த்திருப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எடையைப் பார்க்காமல் அலகைப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம். சிக்கலும் அந்த அலகில்தான் இருக்கிறது. சில நிறுவனங்கள் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் அமிலம் விடுவிப்பதை ஓர் அலகு என்கின்றன. வேறு சில, அதே அளவை ஒரு மணி நேரத்தில் விடுவிப்பதை ஓர் அலகு என்கின்றன. மில்லிகிராமுக்கு 700 அலகு என்று பெரிதாக அச்சிட்டிருப்பது மணிக் கணக்கு என்றால், நிமிடக் கணக்கில் அது வெறும் 11.7. அறுபது மடங்கு வித்தியாசம். 100 கிராம் எண்ணெய்க்கு 4,000 நிமிட அலகு போட நினைப்பவர் 343 மில்லிகிராம் எடுக்க வேண்டிய இடத்தில் 6 மில்லிகிராம் எடுத்துப் போட்டுவிட்டு, பொடி செத்த பொடி என்று திட்டுவார். இந்த விவரம் லேபிளின் முகப்பில் இருக்காது. பகுப்பாய்வுச் சான்றிதழில் சிறிய எழுத்தில் இருக்கும். சான்றிதழ் தராத விற்பனையாளரிடம் வாங்கவே வேண்டாம்.

சான்றிதழ் இருந்தாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். 10 கிராம் ஆலிவ் எண்ணெய், கம் அரபிக் 10 சதவீதம் கரைத்த பி.எச். 7 பாஸ்பேட் பஃபர் 10 மில்லி, இரண்டையும் மிக்ஸியின் சின்ன ஜாரில் பால்போல் ஆகும்வரை அடித்து 37 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். 20 மில்லிகிராம் பொடியைக் குளிர்ந்த பஃபர் 10 மில்லியில் கரைத்து, அதில் 1 மில்லி, அதாவது 2 மில்லிகிராம் பொடி மட்டும் சேர்த்து 15 நிமிடம் கலக்குங்கள். 20 மில்லி எத்தனால் ஊற்றினால் வினை நின்றுவிடும். பினால்ப்தலீன் போட்டு 0.1 நார்மல் காரத்தால் டைட்ரேஷன். பொடி போடாத வெற்று மாதிரியைக் கழித்தபின் 3.5 மில்லி வந்தால், மில்லிகிராமுக்கு நிமிடத்துக்கு 11.7 அலகு, மேலே சொன்ன 700 மணி அலகு சரி. 2 மில்லிக்குக் கீழே வந்தால் பொடி வழியில் வெயில் பட்டிருக்கிறது அல்லது ஈரம் குடித்திருக்கிறது. இந்தச் சோதனையில் பொடியை அள்ளிப் போடாதீர்கள். அதிகமானால் எண்ணெயில் பெரும்பகுதி உடைந்து வேகம் தானாகக் குறையும், அலகும் குறைத்தே தெரியும்.

செறிவூட்டலுக்கு 100 கிராம் கொத்தமல்லி எண்ணெய், 0.1 மோலார் பாஸ்பேட் பஃபர் 100 மில்லி, பொடி 340 மில்லிகிராம், வெப்பம் 35 டிகிரி. வேதியியல் கணக்குப்படி 100 கிராம் எண்ணெய் முழுதும் உடைய 6 கிராம் தண்ணீரே போதும். ஆனால் நொதி வேலை செய்வது எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் எல்லையில். எல்லை பெரிதாக வேண்டுமானால் தண்ணீரும் தாராளமாக வேண்டும், கலக்கலும் விடாமல் நடக்க வேண்டும். காந்தக் கலக்கியைவிட மேலிருந்து இறங்கும் துடுப்புக் கலக்கி நல்லது. பஃபருக்குப் போர்த் தண்ணீர் கூடாது. அதன் கால்சியம், விடுபட்ட அமிலத்தோடு சேர்ந்து சுண்ணாம்புச் சோப்பாகித் திரியும், பிறகு அடுக்கு பிரியவே பிரியாது. நம் ஊர்ச் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு அருமையாக இருந்தாலும் இந்த வேலைக்கு வாலை வடிநீர்தான். வெப்பத்தைப் பொறுத்தவரை காரைக்குடிக்குக் கொடுப்பினை: சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத அறையே இந்த நொதிக்குச் சுகமான வெப்பத்தில் இருக்கும். 45 டிகிரியைத் தாண்டவிட்டால் மட்டும் வலு இறங்கத் தொடங்கும்.

மேலே சொன்ன அளவு வேண்டுமென்றே குறைவாக வைத்தது. அலகுக் கணக்கில் பார்த்தால் அரை மணியில் வேலை முடிய வேண்டும். பிசின் சேர்த்து அடித்த மெல்லிய பால்மம் போலப் பாத்திரத்து எண்ணெய் இருக்காது என்பதால் சில மணி நேரம் ஆகும். அந்த நிதானம் தேவை. ஏனென்றால் இந்தப் பொடியைப் பயன்படுத்துவதில் முழுத் திறமையும் எப்போது நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 100 பங்கு அமிலத்தில் 70 பங்கு பெட்ரோசெலினிக், மீதி 30 மற்றவை என்று வைத்துக்கொள்வோம். 35 பங்கு உடைந்திருக்கும்போது அதில் 27 பங்கு மற்றவை, 8 பங்கு பெட்ரோசெலினிக் என்றால், மிஞ்சிய 65 பங்கில் 62 பெட்ரோசெலினிக், 95 சதவீதம். இதற்குமேல் விட்டால் உடைய வேண்டிய மற்றவை தீர்ந்துவிட்டன, நொதி தயக்கத்தை விட்டு பெட்ரோசெலினிக்கையே தின்னத் தொடங்கும். செறிவு ஏறாது, கைக்கு வரும் அளவு மட்டும் குறைந்துகொண்டே போகும். முன்கூட்டி நிறுத்தினால் லினோலியிக் கிளிசரைடிலேயே ஒட்டியிருக்கும். உங்கள் எண்ணெயின் தொடக்க விகிதம் வேறாக இருக்கும், நிறுத்துமிடமும் அதற்கேற்ப நகரும். ஆனால் 'மற்றவை எத்தனை சதவீதமோ அதற்குச் சற்று மேல்' என்பது நல்ல கைக்கணக்கு.

எவ்வளவு உடைந்தது என்பதை அமில எண் சொல்லும். கொத்தமல்லி எண்ணெயின் சோப்பாக்கல் எண், அதாவது முழுதும் உடைந்தால் வரக்கூடிய அமில எண், ஏறத்தாழ 190. 35 சதவீதம் உடைந்தால் அமில எண் 66 அருகில். அரை மணிக்கு ஒரு மாதிரி எடுங்கள். 1 கிராம் எண்ணெய், 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்றால், பியூரெட்டில் ஒவ்வொரு மில்லியும் 5.6 அமில எண். ஆக 11.8 மில்லி வரும்போது நிறுத்த வேண்டிய நேரம்.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்குகிறது. பாத்திரத்திலிருந்து நேராக 1 கிராம் எடுத்தால் அதில் பாதி தண்ணீர். அமில எண் பாதியாகத் தெரியும், ஆய்வாளர் இன்னும் ஆகவில்லை என்று விட்டுவிடுவார், உள்ளே பெட்ரோசெலினிக் கரைந்துகொண்டிருக்கும். மாதிரியைச் சூடாக்கி மையவிலக்குச் சுழற்றியில் போட்டு மேலே நிற்கும் எண்ணெயை மட்டும் எடைபோட வேண்டும். அது முடியாவிட்டால் கலவையையே எடுத்து, எடையில் பாதியைத்தான் எண்ணெயாகக் கணக்கிட வேண்டும். அப்போது பாஸ்பேட்டும் காரத்தைக் குடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. அரை மில்லி பஃபர் 0.2 மில்லி காரத்தை எடுத்துக்கொள்ளும். வெற்று மாதிரி போட்டுக் கழியுங்கள். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் ஊர் இது, டைட்ரேஷன் தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் வேலைக்கு வரும்போது இந்த வெற்று மாதிரியை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

நிறுத்துவதற்கு 80 டிகிரிக்குச் சூடாக்கி கால் மணி வைத்தால் போதும். அப்போது பாத்திரத்தைக் கவனியுங்கள். மேலே மஞ்சள் எண்ணெய், கீழே கலங்கல் நீர், நடுவில் விரல் தடிமனுக்குத் தயிர் ஏடுபோல ஒரு வெள்ளை அடுக்கு. அது வெந்த நொதிப் புரதமும், நிரப்பியும், உடையாத பால்மமும். அதற்குள் கணிசமான எண்ணெய் மாட்டிக்கொண்டிருக்கும்; அப்படியே கொட்டினால் விளைச்சலில் துண்டு விழும். சூட்டோடு தண்ணீர்ப் பகுதிக்கு 10 சதவீதம் கணக்கில் கல்லுப்பு போட்டு, மெதுவாக ஒரு சுற்று சுற்றி, ராத்திரி முழுக்க அசையாமல் விடுங்கள். விடிந்தபின் அடுக்கு மெலிந்திருக்கும். மீதியைச் சுழற்றியில் போடலாம் அல்லது கொஞ்சம் ஹெக்சேனால் கழுவி எடுக்கலாம். நிரப்பி அதிகமுள்ள பொடிகளில் இந்த ஏடு தடிப்பாக இருக்கும். மலிவுப் பொடியின் உண்மையான விலை இங்கேதான் தெரியும்.

அடுத்து, விடுபட்ட அமிலத்தையும் மிஞ்சிய கிளிசரைடையும் பிரிப்பது. மேலே சொன்ன 100 கிராம் கணக்கில் விடுபட்ட அமிலம் 118 மில்லிமோல் இருக்கும். 30 சதவீத எத்தனால் கலந்த தண்ணீரில் 0.5 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 300 மில்லி, ஹெக்சேன் 300 மில்லி. பிரிபுனலில் போட்டுக் குலுக்காமல் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தால், அமிலம் சோப்பாகிக் கீழே போகும், கிளிசரைடு ஹெக்சேனில் மேலே நிற்கும். எத்தனால் இல்லாமல் செய்தால் மொத்தமும் நுரைத்துப் பிரியாது. எத்தனாலைக் கூட்டிவிட்டால் டைகிளிசரைடும் மோனோகிளிசரைடும் கீழ் அடுக்குக்கு இறங்கிவிடும். காரத்தோடு சூடாக்கவும் கூடாது, நேரம் கடத்தவும் கூடாது. மிஞ்சிய கிளிசரைடே சோப்பாகிவிட்டால் இவ்வளவு நேரம் நொதி பிரித்தது எல்லாம் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடும். ஹெக்சேன் இருக்கும் அறையில் அடுப்போ சுவிட்சு பொறியோ இருக்கக் கூடாது. செட்டிநாட்டு வீட்டு முற்றம் போலக் காற்றோட்டமான இடமாக இருந்தாலும் இது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

ஹெக்சேனை ஓட்டியபின் வரும் கிளிசரைடைத் தனியாகச் சோப்பாக்கி அமிலம் போட்டு எடுத்தால் செறிவூட்டிய பெட்ரோசெலினிக். அதன் உருகுநிலை 30 டிகிரி அருகில், ஒலியிக்குக்கு 13. ஃப்ரிட்ஜில் மெதுவாகக் குளிரவிட்டால் பெட்ரோசெலினிக் வெண்மையாக முதலில் உறையும். ஒட்டியிருக்கும் ஒலியிக்கை வடித்துவிட இன்னொரு வாய்ப்பு. காரைக்குடி மதிய வெயிலில் பாட்டிலில் திரவமாக நிற்பதைப் பார்த்துச் செறிவு போதவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

செறிவை அளக்க ஜி.சி.க்கு (வாயு நிறப்பிரிகை) அனுப்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. வழக்கம்போல மெத்தில் எஸ்டராக்கி ஓட்டினால் பெட்ரோசெலினிக்கும் ஒலியிக்கும் பெரும்பாலான குழாய்களில் ஒரே முகடாக வந்து நிற்கும். அறிக்கையில் இரண்டும் சேர்ந்து 'ஒலியிக்' என்றே இருக்கும். உங்கள் உழைப்பு எதுவும் அதில் தெரியாது. ஐசோபுரோப்பைல் அல்லது பியூட்டைல் எஸ்டராக்கி ஓட்டச் சொல்லுங்கள், இரண்டும் பிரியும். ஆய்வகம் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த அறிக்கைக்குப் பணம் கட்டுவது வீண்.

காமா லினோலெனிக் அமிலத்துக்கும் இதே பொடியை முயலலாம். ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெயில் அது 10 சதவீதம் அருகில், போராஜ் எண்ணெயில் இருபதுக்கு மேல். இங்கே வேண்டியது சிறுபான்மை என்பதால் அமில எண்ணை 150-க்கும் மேல் ஓட்டவிட வேண்டும். போராஜில் செறிவு இருமடங்காவது எளிது. அதற்குமேல் ஒரே ஓட்டத்தில் ஏறுவதில்லை. பாதி உடைந்த கிளிசரைடுகளில் மற்ற அமிலங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும், சேர்ந்துவிட்ட அமிலம் வினையைப் பின்னுக்குத் தள்ளும். எடுத்த கிளிசரைடை மறுபடி ஒருமுறை ஓட்டலாம். அதைவிட நல்லது, முழுதும் உடைத்த அமிலத்தை லாரைல் ஆல்கஹாலோடு ரைசோபஸ் லிப்பேஸ் கொண்டு எஸ்டராக்குவது. ஜப்பானிய ஆய்வாளர்கள் போராஜ் அமிலத்தை இந்த வழியில் இரண்டு சுற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோயிருக்கிறார்கள். அதற்கு இந்தப் பொடி தேவையில்லை. இன்னொன்று, மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ள அமிலம் காற்றில் சீக்கிரம் கெடும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம். கொத்தமல்லி இந்த விஷயத்தில் பொறுமைசாலி.

ஆமணக்கு எண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலியிக். செறிவூட்ட அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் உயர் அழுத்த நீராவியில் உடைத்தால் ரிசினோலியிக் தனக்குத்தானே கோத்துக்கொண்டு எஸ்டோலைடு ஆகும், 35 டிகிரியில் நொதியால் உடைத்தால் அந்தத் தொல்லை குறைவு. அந்த அளவில் பொடிக்கு வேலை உண்டு. ஆமணக்கு விதையிலேயே லிப்பேஸ் இருக்கிறது, அரைத்துப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வது வேதியியலில் சரி. விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சும் இருப்பதால் செய்யக் கூடாதது. இலுப்பை எண்ணெய்க்கு இதை வாங்கவே வேண்டாம். ஈரத்தோடு குவித்து வைத்த இலுப்பை விதையில் விதையின் சொந்த நொதியே பாதி வேலையைச் செய்து அமில எண்ணை ஏற்றியிருக்கும். விளக்குக்கும் சோப்புக்கும் போகிற எண்ணெயில் தேர்ந்து பிரிக்க வேண்டியது எதுவும் இல்லை.

மணிமணியாக வரும் நிலைப்படுத்திய நொதிகளோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: நோவோசைம் 435, லிப்போசைம் ஆர்.எம். ஐ.எம். இரண்டும் வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் நீண்ட நாளில் மலிவு. ஆனால் அவற்றின் இடம் தண்ணீர் குறைந்த எஸ்டராக்கும் வினை. இப்படிச் சரிபாதி தண்ணீரில் காந்தக் கலக்கி போட்டு ஓட்டினால் மணிகள் நொறுங்கும். பொடியை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பது அதன் பெரிய குறை. 340 மில்லிகிராமுக்கு அது தாங்கக்கூடிய குறை, கிலோ கணக்கில் எண்ணெய் ஓட்டுபவருக்கு அல்ல.

மற்றொரு குறையைத் தவிர்க்க முடியாது. இந்த ஈஸ்ட் ஒரே லிப்பேஸைச் சுரப்பதில்லை, சற்றே வேறுபட்ட பல வடிவங்களைச் சுரக்கிறது. நொதிக்கவைக்கும் விதத்தைப் பொறுத்து அவற்றின் கலவை மாறும். மொத்த அலகு ஒன்றாக இருந்தும் ஒரு தொகுதிப் பொடி பெட்ரோசெலினிக்கை நன்றாக விட்டு வைக்கும், அடுத்த தொகுதி அவ்வளவாக விடாது. ஆகவே புதுத் தொகுதி வந்தால் 10 கிராம் எண்ணெயில் ஒரு சின்ன ஓட்டம் ஓட்டி, 35 சதவீதத்தில் நிறுத்தி, செறிவைப் பார்த்தபின் பெரிய பாத்திரத்துக்குப் போங்கள். நல்ல தொகுதி கிடைத்தால் அதே எண்ணில் இன்னொரு பாட்டில் கேட்டு வாங்கி வையுங்கள்.

வைப்பது 2 முதல் 8 டிகிரியில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மூடியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த பொடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து கட்டி தட்டும், கட்டி தட்டிய பொடி வாரத்துக்கு வாரம் வலு குறையும். அரை மணி வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் திறங்கள். வாங்கியவுடன் சிலிகா ஜெல்லோடு சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்துவிட்டால் மின்வெட்டு நாளில் ஒரே பாட்டில் முழுக்கப் போகாது. எடை போடும்போது முகக்கவசம் கட்டாயம். நொதித் தூள் மூச்சில் போய்ப் பழகினால் ஆஸ்துமா ஒவ்வாமையில் கொண்டுபோய் விடும், மின்விசிறியை நிறுத்திவிட்டே எடை போடுங்கள். ஆய்வகத் தரப் பொடியாலும் ஹெக்சேனாலும் கிடைத்த எண்ணெயை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், சமையலுக்கோ மாத்திரைக்கோ எடுக்கக் கூடாது. முதல்முறை வாங்குபவர் கிடைப்பதிலேயே சிறிய பாட்டிலாக, தொகுதிச் சான்றிதழோடு, ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லி வாங்குங்கள். திங்கட்கிழமை கிளம்பும்படி கேட்டால், சனி ஞாயிறில் கூரியர் கிடங்கில் வெயிலில் கிடக்காது.